வெப்சைட்டுக்குள் இருக்கும் வீடியோ நின்று நின்று ஓடினால் எங்கிருந்து தொடங்குவது

“நெட் சரியில்லை அண்ணாச்சி, வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு.” கோவில்பட்டியில் சிஸ்டம் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். இதைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரமும் போவதில்லை. சொல்கிறவர்கள் பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கும் பிள்ளைகள், ஆரி ஒர்க் படிக்கும் அக்காமார், பள்ளிக்கூடத்து வெப்சைட்டில் பாடம் போட்டுக் காட்டும் அப்பாக்கள். இவர்கள் பார்க்கிற வீடியோ யூடியூபில் தனியாகத் திறந்தது இல்லை. வேறொரு வெப்சைட்டின் பக்கத்துக்குள் ஒரு சின்னப் பெட்டியாகப் பதித்து வைத்தது.

இன்னொரு கூட்டம் நேராக வைத்தியத்தையே சொல்லிவிடும்: “ஃபார்மட் அடிச்சுக் குடுத்துருங்க.” ஒரு வீடியோ நிற்பதற்காக விண்டோஸை அழித்துப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. காசு வரும்தான், ஆனால் வீடியோ மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். எது நிற்கிறது என்று பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்பதுதான் என் கட்சி. பார்ப்பதற்குச் செலவு கிடையாது, கருவியும் வேண்டாம்.

எப்படி நிற்கிறது?

“ஹேங் ஆகுது” என்ற ஒரே சொல்லில் நாலைந்து வேறு வேறு கோளாறுகளைச் சொல்கிறோம். அதனால் கடையில் நான் முதலில் கேட்பது, நிற்கும்போது சத்தம் வருகிறதா, இல்லையா என்பதுதான்.

படமும் நின்று சத்தமும் நின்று நடுவில் வட்டம் சுற்றினால், அடுத்த துண்டு வந்து சேரவில்லை. சத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, படம் மட்டும் உறைந்தோ விட்டு விட்டோ நகர்ந்தால், துண்டு வந்துவிட்டது, அதைப் பிரித்துப் படமாக்க கம்ப்யூட்டரால் முடியவில்லை. பிளே அமுக்கியதும் முதல் படத்திலேயே நின்று, வட்டம்கூடச் சுற்றாமல் இருந்தால் ஸ்பீக்கர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வீடியோவோடு சேர்ந்து பக்கமே மேலும் கீழும் நகர மறுத்தால், குற்றவாளி அந்தப் பக்கம். கறுப்புப் பெட்டியும் அதில் ஒரு எண்ணும் மட்டும் தெரிந்தால் அது ஹேங்கே கிடையாது, அனுமதிப் பிரச்சினை.

வீடியோ முழுசாக இறங்கிய பிறகு ஓடுவதில்லை. சில நொடித் துண்டுகளாக வருகிறது. பிரௌசர் கொஞ்சத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. கல்யாணப் பந்தி மாதிரிதான்: இலை காலியாக இருந்தால் சமையல்கட்டிலிருந்து சோறு வரவில்லையா, வந்த சோற்றைப் பரிமாற ஆள் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். சோறு தீர்ந்தது நெட் பிரச்சினை. ஆள் போதாதது கம்ப்யூட்டர் பிரச்சினை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது.

கணக்கைக் காட்டும் சின்ன ஜன்னல்

பக்கத்துக்குள் இருப்பது யூடியூப் வீடியோ என்றால், ஓடுகிற படத்தின் மேலேயே ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் கடைசிப் பக்கமாக ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று இருக்கும். அதை அமுக்கினால் படத்தின் இடது மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெட்டி திறக்கும். எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது நாலு வரிதான்.

‘பஃபர் ஹெல்த்’ என்பது இன்னும் எத்தனை நொடிக்கான வீடியோ கையில் இருக்கிறது என்று சொல்லும். அது இருபது, முப்பது நொடி என்று நின்றால் நெட் நன்றாக இருக்கிறது. பத்து, ஆறு, இரண்டு என்று இறங்கி பூஜ்யத்தைத் தொடும்போது வீடியோ நின்றால், துண்டு வரவில்லை. ‘ஃபிரேம்ஸ்’ வரியில் இத்தனையில் இத்தனை விழுந்தது என்று ‘டிராப்ட்’ கணக்கு இருக்கும். ஆரம்பத்தில் பத்திருபது விழுவது சகஜம். கண்முன்னே அது நூறு நூறாக ஏறினால் கம்ப்யூட்டர் திணறுகிறது. ‘கனெக்‌ஷன் ஸ்பீடு’ கேபிபிஎஸ்-இல் இருக்கும். 5000 என்றால் 5 எம்பிபிஎஸ். நாலாவது ‘கோடெக்ஸ்’ வரி. அது இப்போதைக்கு இருக்கட்டும், கம்ப்யூட்டர் திணறல் பகுதியில் தேவைப்படும்.

சில கோச்சிங் வெப்சைட்டுகளில் ரைட் கிளிக்கைப் பூட்டி வைத்திருப்பார்கள், சிலவற்றில் இருப்பது யூடியூப் பிளேயரே இல்லை. அங்கே படத்தின் அடியில் ஓடும் கோட்டைப் பாருங்கள். ஓடி முடிந்த பகுதிக்கு முன்னால் வெளிறிய நிறத்தில் இன்னொரு கோடு போகும். அதுதான் பஃபர். வெளிறிய கோடு நீளமாக இருந்தும் படம் நிற்கிறதா, இரண்டும் ஒரே புள்ளியில் முட்டி நிற்கிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

துண்டு வரவில்லை என்றால்

பிளேயரின் பல்சக்கரத்தை அமுக்கி குவாலிட்டியை 480-க்கு இறக்கிப் பாருங்கள். யூடியூபுக்கு கூகுள் பரிந்துரைக்கும் வேகம் 1080-க்கு 5 எம்பிபிஎஸ், 720-க்கு 2.5, 480-க்கு 1.1, 360-க்கு 0.7. உள்ளங்கை அகலப் பெட்டியில் ஓடும் வீடியோவுக்கு 1080 வைப்பதில் கண்ணுக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஆட்டோவில் விட்டால் பெட்டியின் அளவையும் பார்த்துத்தான் பிளேயர் குவாலிட்டியைத் தேர்ந்தெடுக்கிறது. யாரோ ஒரு தடவை கையால் 1080 என்று மாற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

480-இலும் நிற்கிறதா? செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஓடினால் வீட்டு இணைப்பில் வேலை இருக்கிறது. உடனே கேபிள்காரரைக் கூப்பிட வேண்டாம். ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். கேபிளில் ஓடி வைஃபையில் நின்றால் லைனில் குறை இல்லை, வைஃபையில்தான். ரூட்டர் முன் அறையில் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், பிள்ளை இரண்டு சுவர் தாண்டி உள் அறையில் படிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாகத் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அதில் சேருங்கள். அது வேகம், ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் பலவீனமாகிவிடும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அதே அலைவரிசையில் அடிதடி போடும். ரூட்டர் செட்டிங்கில் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வைத்தால் மோதல் குறையும்.

நெட்டே செல்போனிலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு கதை. தினம் 1.5 ஜிபி தரும் பல திட்டங்களில் அந்த அளவு தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு விழும். 360-க்கே 700 வேண்டும். 2.5 எம்பிபிஎஸ் வேகத்தை முழுக்க எடுத்து 720-இல் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். அதனால் சாயங்காலம் முதல் வகுப்பு ஜோராக ஓடும், இரண்டாவது வகுப்பில் பாதியில் நிற்கும். தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் லேப்டாப்பைத் திறப்பதே இல்லை. போனை வாங்கி டேட்டா பாக்கியைத்தான் பார்ப்பேன்.

ஆஃபீஸ், காலேஜ் நெட்வொர்க்கில் வரும் வில்லங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குரோம், யூடியூபோடு பேசும்போது குயிக் என்ற முறையில் யுடிபி என்ற பாதை வழியாகப் பேசும். நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் சில ஃபயர்வாலுக்கு அது ஆகாது. மற்ற எல்லாம் வேகமாகத் திறக்கும், வீடியோ மட்டும் தொடங்கி நின்றுவிடும். முகவரிப் பட்டையில் குரோம், கோலன், இரண்டு ஸ்லாஷ், ஃபிளாக்ஸ் என்று அடித்து உள்ளே போய், ‘எக்ஸ்பெரிமென்டல் குயிக் புரோட்டோகால்’ என்பதை ‘டிஸேபிள்டு’ ஆக்கி, குரோமை மூடித் திறந்து பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் பழையபடி ‘டிஃபால்ட்’ ஆக்கிவிடுங்கள். அந்த ஃபிளாக்ஸ் பக்கத்தில் வேறு எதையும் ஆசைக்காக அமுக்க வேண்டாம்.

துண்டு வந்தும் படம் ஓடவில்லை என்றால்

பழைய லேப்டாப்புகளின் சாபம் இதுதான். ஆனால் நெட் மேல் பழி போட்டு, 50 எம்பிபிஎஸ் திட்டத்தை 100 ஆக்கியவர்கள் எத்தனையோ பேர்.

குரூப் 4-க்குப் படிக்கும் தம்பி ஒருவன் நாலாம் தலைமுறை ஐ3 லேப்டாப் கொண்டுவந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வகுப்பு வெப்சைட்டைத் திறந்து பாடத்தை ஓடவிட்டான். சார் பேசுகிறார், போர்டில் எழுதும் கை மட்டும் நின்று நின்று குதிக்கிறது. மின்விசிறிச் சத்தம் மிக்ஸியைத் தாண்டும். ஸ்டேட்ஸ் பெட்டியில் பஃபர் நாற்பது நொடிக்கு மேல் இருந்தது, டிராப்ட் கணக்கு மீட்டர் போல ஏறியது. கோடெக்ஸ் வரியில் ‘விபி09’ என்று தொடங்கியது. அதைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது.

வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். அந்த வரியில் ‘ஏவிசி1’ என்று தொடங்கினால் எச்.264. 2003-இல் வந்தது, கிட்டத்தட்ட எல்லாச் சாதனத்திலும் அதைப் பிரிக்கத் தனி சர்க்யூட் உண்டு. ‘விபி09’ என்றால் விபி9, 2013-இல் வந்தது. ‘ஏவி01’ என்றால் ஏவி1, 2018-இல் வந்தது. பின்னால் வந்தவை அதே படத்தை இன்னும் சின்னதாகச் சுருக்கும். அனுப்புகிறவருக்கு டேட்டா மிச்சம், வாங்குகிற பழைய சிப்புக்கு வேலை அதிகம். இன்டெல் சிப்புகளில் விபி9-ஐ முழுதாகப் பிரிக்கும் சர்க்யூட் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்கு பதினோராம் தலைமுறை. அதற்கு முந்தையவற்றில் பிராசஸரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

அந்தத் தம்பிக்கு எச்264இஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். “எனக்கு விபி9 தெரியாது, எச்.264 கொடு” என்று பிரௌசரை யூடியூபிடம் சொல்ல வைப்பது மட்டும்தான் அதன் வேலை. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்ததும் கோடெக்ஸ் வரி ஏவிசி1 ஆனது, டிராப்ட் எண் அசையாமல் நின்றது, கொஞ்ச நேரத்தில் மின்விசிறியும் அடங்கியது. இதில் ஒரு குறை, யூடியூபில் எச்.264 என்றால் 1080-க்கு மேல் கிடைக்காது. அந்த லேப்டாப்பின் திரையே 1366-க்கு 768, அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஏவி1-ஐ மட்டும் நிறுத்த வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன்கூட வேண்டாம். முகவரிப் பட்டையில் அபௌட், கோலன், கான்ஃபிக் என்று அடித்து உள்ளே போய், ‘மீடியா.ஏவி1.எனேபிள்டு’ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் போதும்.

இனி ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன், அதாவது படத்தைப் பிரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சர்க்யூட்டிடம் கொடுக்கும் வசதி. வீடியோ நின்றால் அதை ஆஃப் செய்யுங்கள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு இந்த அறிவுரையில் பாதிதான் உடன்பாடு. அதை ஆஃப் செய்தால் கிராஃபிக்ஸ் சர்க்யூட் செய்துகொண்டிருந்த வேலையும் பிராசஸர் தலையில் விழும். திணறும் பழைய மெஷினில் அது எரிகிற அடுப்பில் இன்னும் விறகு. படத்தில் பச்சைக் கோடு, கட்டம் கட்டமாகச் சிதறல், டிரைவர் அப்டேட் ஆனதிலிருந்து உறைதல், இப்படி அறிகுறி இருந்தால் ஆஃப் செய்து பார்ப்பது சரி. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அங்கே ‘யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் வென் அவைலபிள்’. ஃபயர்ஃபாக்ஸில் ஜெனரல் பகுதியில் பெர்ஃபார்மன்ஸ் என்று இருக்கும், முதலில் ‘ரெகமெண்டட்’ டிக்கை எடுத்தால்தான் அது கண்ணில் படும். ஆஃப் செய்து சரியானால் அதோடு விட்டுவிடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிதாகப் போட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

ஏற்கெனவே அது ஆனில்தான் இருக்கிறதா, உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, குரோம், கோலன், இரண்டு ஸ்லாஷ், ஜிபியூ என்று அடியுங்கள். ‘வீடியோ டிகோட்’ வரியில் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டடு’ என்று பச்சையில் இருக்க வேண்டும். ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்றிருந்தால் அது ஆஃபில் இருக்கிறது, அல்லது டிரைவர் சரியில்லாமல் இருக்கலாம்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் கடைசி குரோம் 109, 2023 ஜனவரியோடு சரி. அந்த மெஷினில் வீடியோ நிற்கிறது என்றால் இங்கே சொன்ன குறிப்புகள் கொஞ்ச தூரம்தான் கூட வரும்.

சத்தம் போகும் வழி அடைத்தால் படமும் நிற்கும்

இதை நம்ப மாட்டார்கள், நான் செய்து காட்டத்தான் வேண்டியிருக்கும். பிரௌசர் படத்தைச் சத்தத்தின் தாளத்துக்குத்தான் ஓட்டுகிறது. உதடும் பேச்சும் ஒத்துப்போக அதுதான் வழி. சத்தம் வெளியே போகாமல் எங்காவது மாட்டிக்கொண்டால் கடிகாரமே நின்ற கணக்கு, படம் முதல் ஃபிரேமில் உட்கார்ந்துவிடும்.

தையல் கடை அக்கா ஒருவருக்கு இதேதான். ப்ளவுஸ் வெட்டும் வகுப்பு, எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் முதல் படத்தில் நிற்கிறது. பஃபர் நிறைய இருக்கிறது, டிராப்ட் பூஜ்யம். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுப் பார்த்தால், சத்தம் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் போவதாகக் காட்டுகிறது. அந்த ஸ்பீக்கர் வீட்டில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. வெளியீட்டை லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றியதும் வீடியோ ஓடியது. “ஸ்பீக்கருக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று அக்கா கேட்டது நியாயமான கேள்விதான்.

எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிய பிறகு, யுஎஸ்பி ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு இப்படி ஆகும். யூடியூப் சில நேரம் ‘ஆடியோ ரெண்டரர் எரர்’ என்று சொல்லி கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். அதற்கு முன் ஹெட்போனைக் கழற்றிச் செருகிப் பாருங்கள். போதாவிட்டால் சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் ஆடியோ’வை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பக்கத்துக்குள் பக்கம்

பதித்த வீடியோவுக்கென்று உள்ள தனிக் குணம் இது. நீங்கள் பார்ப்பது ஒரு பக்கம் இல்லை, இரண்டு. வெளியே கோச்சிங் வெப்சைட், உள்ளே ஐஃபிரேம் என்ற சட்டத்துக்குள் யூடியூபின் குட்டிப் பக்கம். எனவே வீடியோவின் தலைப்பை அமுக்கி யூடியூபிலேயே திறந்து பாருங்கள். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால், நெட்டையும் மெஷினையும் விட்டுவிடலாம். வெளிப்பக்கம் அல்லது உங்கள் எக்ஸ்டென்ஷன், இரண்டில் ஒன்றுதான்.

எக்ஸ்டென்ஷனா என்று பார்க்க அதே பக்கத்தை இன்காக்னிட்டோவில் திறங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாகவே அணைந்திருக்கும். ஓடினால், எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்து, பிறகு அதில் பாதி என்று வந்தால் திருடன் சீக்கிரம் மாட்டுவான். விளம்பரத் தடுப்பான் முதல் சந்தேகம். கூப்பன் தேடித் தருகிறேன், பிடிஎஃப் மாற்றித் தருகிறேன் என்று எப்போதோ ஒட்டிக்கொண்டவை அடுத்தது. ஃபயர்ஃபாக்ஸில் டிராக்கிங் புரொடெக்‌ஷனை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று வைத்திருந்தால், அந்த ஒரு வெப்சைட்டுக்கு மட்டும் கேடயப் படத்தை அமுக்கி அணைத்துப் பாருங்கள்.

இன்காக்னிட்டோவிலும் நிற்கிறதா? குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அமுக்குங்கள். விண்டோஸுக்கு இருப்பது போலக் குரோமுக்கும் ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. அதில் வெளிப்பக்கம் ஒரு வரியிலும், உள்ளே இருக்கும் யூடியூப் ‘சப்ஃபிரேம்’ என்று தனி வரியிலும் இருக்கும். சிபியூ என்ற தலைப்பை அமுக்கி வரிசைப்படுத்துங்கள். சப்ஃபிரேம் மேலே வந்தால் கோடெக் கதை. வெளிப்பக்கம் மேலே வந்தால் அந்த வெப்சைட்டின் விளம்பரமோ, அசையும் பேனரோ, ஒரே பக்கத்தில் அடுக்கிய இருபது வீடியோ பெட்டிகளோ பிராசஸரைத் தின்கின்றன. அந்த நேரத்தில் உங்களால் செய்ய முடிந்தது, வீடியோவை யூடியூபிலேயே பார்ப்பதுதான்.

எண் காட்டும் கறுப்புப் பெட்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 101, 150 என்றால் வீடியோவின் சொந்தக்காரர் வேறு வெப்சைட்டில் ஓட அனுமதிக்கவில்லை. 100 என்றால் வீடியோ நீக்கப்பட்டது அல்லது தனிப்பட்டதாக மாற்றப்பட்டது. 153 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறோம் என்ற தகவல் யூடியூபுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தத் தகவலை மறைக்கும் எக்ஸ்டென்ஷன் உங்களிடம் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் வெப்சைட்காரர்தான் சரிசெய்ய வேண்டும். ஃபிளாஷ் பிளேயர் கேட்கும் பழைய பக்கமா? 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் கதை முடிந்தது. எங்கிருந்தாவது இறக்கிப் போட முயன்றால் வைரஸ்தான் வரும்.

கேஷ் அழிப்பதை ஏன் கடைசியில் வைத்தேன்

“கேஷ் கிளியர் பண்ணுங்க” என்பது, அதாவது பிரௌசர் சேமித்து வைத்த கோப்புகளை அழிக்கச் சொல்வது, எல்லா நோய்க்கும் கொடுக்கும் கஷாயமாகிவிட்டது. வீடியோ பாதியில் நிற்பதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். நேற்று வரை ஓடிய பக்கம், வெப்சைட்டை மாற்றியமைத்த பிறகு பிளேயரே தோன்றாமல் போனால் பழைய கோப்பு தங்கியிருக்கலாம், அப்போது உதவும். அதற்கும் எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. முகவரிக்கு இடது பக்கம் உள்ள சின்னப் படத்தை அமுக்கி, ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’வுக்குள் போய் அந்த ஒரு வெப்சைட்டின் சங்கதியை மட்டும் நீக்கலாம். மொத்தமாகத் துடைத்தவர்கள் மறுநாள், மெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று என் கடைக்கே வருகிறார்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும், பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாமல் வீடியோ பெட்டி வெறுமையாக நிற்கும். பேட்டரி பெட்டிக்கடை வாட்ச் ரிப்பேர்காரரிடமே கிடைக்கும்.

வீடியோவை நீங்களே பதித்திருந்தால்

சொந்தக் கடைக்கோ பள்ளிக்கோ வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. போனில் எடுத்த வீடியோவை அப்படியே ஏற்றாதீர்கள். ஐபோன் ‘ஹை எஃபிஷியன்சி’ முறையில் எச்இவிசி என்ற கோடெக்கில் பதிவு செய்யும். பல கம்ப்யூட்டர்களில் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக நிற்கும். கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றலாம், ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எச்.264 எம்பி4 ஆக மாற்றலாம்.

ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட மறக்காதீர்கள். எம்பி4 கோப்பில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. பிரௌசர் அந்த அட்டவணையைப் பார்க்காமல் ஓட்ட முடியாது. கடைசிப் பகுதியை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க உங்கள் சர்வர் விடவில்லை என்றால், முழுக் கோப்பும் இறங்கும் வரை பார்ப்பவர் வட்டத்தைத்தான் பார்ப்பார். அந்த டிக் அட்டவணையைத் தூக்கி முன்னால் வைக்கும். நடுவில் தாவினால் உறைகிறது என்று புகார் வந்தால், ஹோஸ்டிங்காரரிடம் ‘ரேஞ்ச் ரிக்வெஸ்ட்’, அதாவது வேண்டிய பகுதியை மட்டும் கேட்டு வாங்கும் முறை, வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

ஒரே பக்கத்தில் பத்து யூடியூப் பெட்டிகள் வேண்டுமென்றால் ஐஃபிரேமில் லோடிங் லேஸி என்ற குறிப்பைச் சேருங்கள். பார்ப்பவர் அருகில் வரும்வரை கீழே உள்ளவை இறங்காது. இன்னும் நல்லது, முதலில் படத்தை மட்டும் காட்டி, தொட்டபின் பிளேயரைக் கொண்டுவருவது.

போனில்

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ லிங்கைத் தொட்டால், அது அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரௌசரில் திறக்கும். மூன்று புள்ளியை அமுக்கி குரோமில் திறந்தாலே பல வீடியோ ஓடிவிடும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குப் போய், ஆப்புக்குள் பக்கத்தைத் திறந்து காட்டும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’வை அப்டேட் செய்யுங்கள். ஐபோனில் லோ பவர் மோடு ஆனில் இருந்தால் வீடியோ தானாக ஓடாது, தொட்டால் ஓடும். அது கோளாறு இல்லை.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் வெப்சைட்காரருக்கு எழுதத்தான் வேண்டும். யூடியூப் பெட்டியில் ரைட் கிளிக் செய்தால் ‘காப்பி டீபக் இன்ஃபோ’ என்று இருக்கும். அதை அமுக்கி மெயிலில் ஒட்டுங்கள். எந்த பிரௌசர், எந்த விண்டோஸ், ஹாட்ஸ்பாட்டில் ஓடியதா, இன்காக்னிட்டோவில் ஓடியதா, சத்தம் வந்ததா என்பதைச் சேருங்கள். வீடியோவின் லிங்கை மட்டும் அனுப்ப வேண்டாம். தனியாகத் திறந்தால் அது அவர்களிடம் நன்றாகத்தான் ஓடும். வீடியோ பதித்திருக்கும் பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள்.